பணம் போட்டவரும் ஒரு வாத்தியார்தான்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். 34 வருஷம் கரும்பலகை முன்னால் நின்றவளுக்குச் சுருக்கமாகச் சொல்ல வராது.

போன மாதம் ஒரு பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியை என்பதால் முன்வரிசையில் ஒரு நாற்காலி, ஒரு பொன்னாடை. சிறப்பு விருந்தினர் ஒரு தன்னம்பிக்கைப் பேச்சாளர். பாதி வரைக்கும் நன்றாகத்தான் பேசினார். அப்புறம் திடீரென்று எங்கள் பக்கம் கையை நீட்டினார்.

“உங்க டீச்சர்ஸ் எல்லாரும் நல்லவங்கதான். ஆனா அவங்க உருவாக்குறது சம்பளக்காரங்களை. உலகத்தை மாத்தினவங்க யாரு தெரியுமா? வென்ச்சர் கேபிடலிஸ்ட்! காலேஜை விட்டு ஓடி வந்த பசங்களை நம்பிக் கோடி கோடியாப் பணம் போட்டவங்க! வாழ்க்கையில ஒரு ரிஸ்க்கும் எடுக்காதவங்ககிட்ட நீங்க என்னத்தைக் கத்துக்கப் போறீங்க?”

பிள்ளைகள் விசிலடித்தார்கள். ஆசிரியர்களும் சிரித்துக்கொண்டே கைதட்டினார்கள். நானும் தட்டினேன். வீட்டுக்கு வந்த பிறகு அதுதான் உறுத்தியது.

விழா முடிந்து வெளியே வரும்போது ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஓடி வந்தாள். அவள் அம்மா என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தவள். “டீச்சர், வென்ச்சர் கேபிடலிஸ்ட்னா யாரு டீச்சர்?” என்றாள். “எனக்குத் தெரியலைம்மா. படிச்சுட்டு வந்து சொல்றேன்” என்றேன். அவளுக்குச் சொல்ல வேண்டிய பதில்தான் இந்தப் பதிவு. அந்தப் பேச்சாளருக்கும் சேர்த்துத்தான்.

பெங்களூரில் வேலை பார்த்த என் அண்ணன் மகள் இப்போது எங்களோடு இருக்கிறாள். ஏன் இங்கே இருக்கிறாள் என்பதைப் பின்னால் சொல்கிறேன். அவள் எடுத்துக் கொடுத்த கட்டுரைகளை மூன்று வாரம் உட்கார்ந்து படித்தேன். புரியாத இடத்தில் அவளைக் கேட்டேன். படித்து முடித்தபோது எனக்குச் சிரிப்புதான் வந்தது.

‘வென்ச்சர் கேபிடலின் தந்தை’ என்று அமெரிக்காவில் யாரைச் சொல்கிறார்கள் தெரியுமா? ஜார்ஜ் டோரியோ என்ற மனிதரை. அவர் தொழில் என்ன? வாத்தியார் வேலை! ஹார்வர்டு வணிகப் பள்ளியில் 1926-ல் சேர்ந்து 1966 வரை, ஏறத்தாழ 40 வருஷம் பாடம் நடத்தியவர். உலகமே இன்று பேசும் அந்த முதலீட்டுக் கம்பெனியை நடத்திக்கொண்டிருந்த போதும் அவர் வகுப்பை விடவில்லை.

எந்த வாத்தியாரைக் கேலி செய்ய அந்தப் பேச்சாளர் ‘வென்ச்சர் கேபிடலிஸ்ட்’ என்ற வார்த்தையைத் தூக்கினாரோ, அந்த வார்த்தைக்குப் பெருமை சேர்த்தவரே ஒரு வாத்தியார்.

முதலில் விஷயத்தைப் பாமரத்தனமாகச் சொல்லிவிடுகிறேன். தொழில் தொடங்கப் பணம் வேண்டும். வங்கிக்குப் போனால் என்ன கேட்பான்? பத்திரம், நகை, ஜாமீன். ஒன்றும் இல்லாதவன், தலைக்குள் ஒரு யோசனை மட்டும் வைத்திருப்பவன் என்ன செய்வான்? அவனுக்குக் கடனாக இல்லாமல், கம்பெனியில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டு பணம் கொடுப்பதுதான் வென்ச்சர் கேபிடல். தமிழில் துணிகர முதலீடு என்கிறார்கள். கம்பெனி முழுகினால் பணம் போச்சு. ஜெயித்தால் பங்கின் விலை ஏறும். அவ்வளவுதான் சூத்திரம்.

அமெரிக்காவிலும் ஒரு காலம் வரை இப்படிப் பணம் கொடுத்தவர்கள் ராக்ஃபெல்லர், விட்னி மாதிரி பெரிய குடும்பங்கள். அவர்கள் வாசலில் போய் நிற்கத் தெரிந்தவனுக்குக் கிடைக்கும். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பாஸ்டன் பக்கத்துப் பெரியவர்கள் சிலர் ஒன்றுகூடினார்கள். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி.யின் தலைவர் கார்ல் காம்ப்டன் ஒருவர் (நம்ம குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லை). பாஸ்டன் மத்திய வங்கிக் கிளையின் தலைவராக இருந்த ரால்ஃப் பிளாண்டர்ஸ் இன்னொருவர். போர்க்காலத்தில் ஆய்வுக்கூடங்களில் பிறந்த அறிவு வீணாகக் கூடாது, அதைத் தொழிலாக மாற்றப் பணம் திரட்ட வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். 1946-ல் ‘அமெரிக்கன் ரிசர்ச் அண்ட் டெவலப்மெண்ட்’ என்ற கம்பெனி பிறந்தது. சுருக்கமாக ஏ.ஆர்.டி. பிளாண்டர்ஸ் செனட்டர் ஆகிப் போய்விட, தலைமை டோரியோவிடம் வந்தது.

50 லட்சம் டாலர் திரட்ட நினைத்தார்கள். கிடைத்தது சுமார் 35 லட்சம். அதிலும் கணிசமான பணம் பல்கலைக்கழகங்களும் காப்பீட்டுக் கம்பெனிகளும் போட்டது. மீதிப் பங்குகளை யார் வேண்டுமானாலும் வாங்கலாம். ஒரு குடும்பத்தின் பெட்டியிலிருந்து வராமல் ஊர்ப் பணமாகத் திரண்டு வந்ததுதான் அதன் புதுமை. அதே 1946-ல் விட்னி குடும்பமும் தன் சொந்தப் பணத்தில் ஒரு முதலீட்டுக் கம்பெனி தொடங்கியது. எது முதல் என்று ஆராய்ச்சிக்காரர்கள் சண்டை போடட்டும். எனக்கு வேண்டியது டோரியோ எப்படி நடத்தினார் என்பதுதான்.

யார் இந்த மனிதர்?

1899-ல் பாரிசில் பிறந்தவர். அப்பா அகஸ்ட் டோரியோ, பெஜோ கம்பெனியின் ஆரம்பகாலப் பொறியாளர். 1891-ல் கார் என்றால் என்ன என்றே மக்களுக்குத் தெரியாத காலத்தில், பெஜோ வண்டி ஒன்றை 2,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிக் காட்டிய இருவரில் அவர் ஒருவர். பிறகு கூட்டாளிகளோடு சொந்தமாகக் கார் கம்பெனி தொடங்கினார். அது 1920-களில் நொடித்துப் போனது. ஒரு தொழில் விழுவது எப்படியிருக்கும் என்பது ஜார்ஜுக்குச் சொந்த வீட்டிலேயே தெரிந்திருக்கிறது.

முதல் உலகப் போரில் பிரெஞ்சுப் பீரங்கிப் படையில் இருந்துவிட்டு, 1921-ல் 21 வயதில் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். எம்.ஐ.டி.யில் படிக்கத்தான் வந்தார். ஹார்வர்டு தலைவர் லோவெலைப் பார்க்க ஒரு அறிமுகக் கடிதம் கையில் இருந்தது. அவர் பேச்சைக் கேட்டு ஹார்வர்டு வணிகப் பள்ளியில் சேர்ந்தார். ஒரு வருஷம் படித்தார். பட்டம் வாங்காமலே நியூயார்க் வங்கி ஒன்றுக்கு வேலைக்குப் போனார்.

பார்த்தீர்களா, பேச்சாளர் இதைப் படித்தால் துள்ளிக் குதிப்பார். “அவரும் டிராப்-அவுட்தானே டீச்சர்!” ஆமாம் தம்பி. மறைக்கவில்லை. ஆனால் பாதியில் விட்ட அதே பள்ளிக்கு நான்கு வருஷத்தில் திரும்பி வந்து, ஆயுசில் பாதியை அதன் வகுப்பறையில் கழித்தார். பள்ளிக்கூடம் வேண்டாம் என்று அவர் ஒருநாளும் சொல்லவில்லை. சொல்வதென்ன, 1957-ல் பிரான்சில் ‘இன்சியாட்’ என்ற வணிகப் பள்ளியையே தொடங்க முன்னால் நின்றார். இன்று ஐரோப்பாவில் பேர் சொல்லும் பள்ளிகளில் அது ஒன்று.

அவருடைய பாடத்தின் பெயர் ‘உற்பத்தி’. பெயர்தான் அப்படி. நடத்தியது தொழிலும் வாழ்க்கையும். அந்தப் பள்ளியில் எல்லோரும் மாதிரி நிகழ்வுகளை வைத்து விவாதிக்கும் முறையில் நடத்த, இவர் அதைத் தொடாமல் தானே நின்று பேசுவார். மாணவர்களைக் குழுவாகப் பிரித்து, உண்மையான தொழில்களைப் பற்றி நீண்ட அறிக்கை எழுத வைப்பார். செய்தித்தாளை எப்படிப் படிப்பது என்று கூட வகுப்பெடுத்தார். படித்தபோது எனக்கு எங்கள் தலைமையாசிரியர் ஞாபகம் வந்தது. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பேப்பரைக் கையில் கொடுத்து வாசிக்க வைத்து, “இதுல எது செய்தி, எது விளம்பரம்?” என்று கேட்பார்.

1940-ல் டோரியோ அமெரிக்கக் குடிமகன் ஆனார். உடனே போர் வந்தது. ராணுவத் தளவாடப் பிரிவின் தலைமைத் தளபதி அவரிடம் படித்த மாணவர். வாத்தியாரைக் கூப்பிட்டார், வாத்தியார் போனார். சிப்பாய்களின் காலணி, குளிர் உடை, நீர் புகாத துணி என்று ஒவ்வொன்றையும் ஆராய்ந்து திருத்தும் பிரிவை நடத்தி, பிரிகேடியர் ஜெனரல் ஆனார். போருக்குப் பிறகும் மாணவர்கள் அவரை ‘ஜெனரல்’ என்றே கூப்பிட்டார்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். அந்த மேடையில் மூன்று பொய்கள் சொல்லப்பட்டன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பொய் ஒன்று: படிப்பை விட்டு ஓடி வந்தவர்களை நம்பித்தான் பணம் போட்டார்கள்.

டோரியோவின் பெயரை நிலைநிறுத்திய முதலீடு ஒன்றே ஒன்று. 1957-ல் கென் ஓல்சன், ஹார்லன் ஆண்டர்சன் என்ற இரண்டு இளம் பொறியாளர்கள் ஏ.ஆர்.டி.யிடம் வந்தார்கள். ஓல்சன் எம்.ஐ.டி.யில் முதுகலை வரை படித்தவர். ஆண்டர்சன் இல்லினாய் மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். இருவரும் வேலை பார்த்தது எம்.ஐ.டி.யின் லிங்கன் ஆய்வுக்கூடத்தில். அது எதற்காக இருந்தது? எதிரி விமானங்களைக் கண்டுபிடிக்கும் வான் பாதுகாப்பு வேலைக்காக. யார் பணம்? அமெரிக்க விமானப்படை கொடுத்த அரசுப் பணம். டிரான்சிஸ்டர் வைத்துக் கணினி செய்யும் வித்தையை அவர்கள் கற்றது அங்கேதான்.

அதாவது டோரியோ பணம் போடுவதற்கு முன்பே, அந்த இரண்டு பேர் மேலும் பள்ளிக்கூடமும் பல்கலைக்கழகமும் அரசாங்கமும் வருஷக்கணக்கில் பணமும் உழைப்பும் போட்டிருந்தன. வயலை உழுது, நாற்று விட்டு, தண்ணீர் பாய்ச்சியது ஒருவர். சரியான நேரத்தில் உரம் போட்டது இன்னொருவர். உரம் போட்டவருக்குப் பெருமை உண்டு. அதற்காக உழுதவனைச் சோம்பேறி என்று மேடையில் சொல்லலாமா?

அந்த இருவரும் ஏ.ஆர்.டி.க்கு வந்த கதை சுவையானது. ‘கம்ப்யூட்டர்’ என்ற வார்த்தையையே உச்சரிக்காதீர்கள் என்று அவர்களுக்கு அறிவுரை சொன்னார்களாம். கம்ப்யூட்டர் செய்து யாரும் சம்பாதிக்கவில்லை என்று அப்போது பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்தன. அதனால் கம்பெனியின் பெயர் ‘டிஜிட்டல் எக்விப்மெண்ட்’ ஆனது. லாபம் 5 சதவீதம் என்று எழுதாதே, 10 என்று எழுது என்றார்கள். இயக்குநர்களில் பலர் வயசாளிகள், சீக்கிரம் லாபம் வரும் என்று சொல் என்றார்கள். கிடைத்தது 70,000 டாலர். அதற்கு ஏ.ஆர்.டி. எடுத்துக்கொண்டது சுமார் 70 சதவீதப் பங்கு. மேற்கொண்டு கொஞ்சம் கடன். மேனார்டு என்ற சின்ன ஊரில் ஒரு பழைய கம்பளி ஆலையில் இடம் பிடித்துத் தொடங்கினார்கள். முதலில் மின்னணுப் பாகங்கள் செய்து விற்றார்கள். அப்புறம்தான் கணினி. 1965-ல் 18,000 டாலருக்கு ஒரு சின்னக் கணினியை விற்றார்கள். அறை முழுக்க அடைத்துக்கொண்டு லட்சக்கணக்கில் விலை சொன்ன இயந்திரங்களின் காலம் அது.

பொய் இரண்டு: பணம் போட்டால் போதும், உலகம் மாறிவிடும்.

முதல் வருஷமே லாபம் வந்துவிட்டது என்று ஓல்சன் பெருமையாகக் கணக்கைக் காட்டினாராம். டோரியோ கவலைப்பட்டாராம். இவ்வளவு சீக்கிரம் ஜெயித்தவர்கள் யாரும் பிழைத்ததில்லை என்றாராம். ஓல்சனே பின்னாளில் சொன்ன கதை இது.

எந்த வாத்தியாருக்கும் இது புரியும். முதல் மாதத் தேர்வில் நூறு வாங்கிய பிள்ளையைப் பார்த்தால் எங்களுக்குச் சந்தோஷத்தோடு ஒரு பயமும் வரும். ஆடிக்காற்றில் தெரியும் எது வேர் பிடித்தது என்று.

1957-ல் போட்ட பணம். 1966-ல்தான் அந்தக் கம்பெனி பங்குச் சந்தைக்கே வந்தது. அப்போதும் டோரியோ விற்றுவிட்டு ஓடவில்லை. 1972-ல் ஏ.ஆர்.டி. வேறொரு கம்பெனியோடு இணையும் வரை வைத்திருந்தார். அந்த 70,000 டாலர் அப்போது 35 கோடி டாலருக்கு மேல். இன்றைய ஆட்கள் அந்த எண்ணை மட்டும் சொல்வார்கள். அதற்குப் பின்னால் இருக்கும் 15 வருஷத்தைச் சொல்ல மாட்டார்கள். ஒரு பிள்ளை ஒன்றாம் வகுப்பில் சேர்ந்து கல்லூரி முடிக்கும் காலம் அது.

தான் மனிதர்களையும் கம்பெனிகளையும் வளர்க்கிறவன், பங்கு வாங்கி விற்கிற சூதாடி இல்லை என்பது அவர் அடிக்கடி சொன்ன கருத்து. நஷ்டத்தில் இருக்கும் ஒரு கம்பெனியை விற்றுவிடுங்கள் என்று தரகர்கள் சொன்னால் அவர் திருப்பிக் கேட்பாராம்: 104 டிகிரி காய்ச்சல் அடிக்கும் குழந்தையை விற்பீர்களா என்று.

இந்த இடத்தைப் படித்தபோது என் அண்ணன் மகள் அறையை விட்டு எழுந்து போய்விட்டாள்.

அவள் கதை இதுதான். பெயர் வேண்டாம், கம்பெனி பெயரும் வேண்டாம். பெங்களூரில் ஒரு ஸ்டார்ட்அப். பெரிய தொகை முதலீடு வந்தது. உடனே ஆளை எடு, கிளையைத் திற, விளம்பரம் போடு என்று நெருக்கினார்கள். ஒரே வருஷத்தில் மூன்று மடங்கு ஆட்கள். அடுத்த வருஷம் வளர்ச்சி போதவில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஒரு காலையில் வீடியோ அழைப்பு. பத்து நிமிஷம். இவளோடு சேர்த்துப் பல பேருக்கு வேலை இல்லை. மத்தியானத்துக்குள் லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள்.

“அத்தை, எங்க கம்பெனிக்குப் பணம் போட்டவங்களை நாங்க ஒருத்தரும் நேர்ல பார்த்ததே இல்லை” என்றாள் அன்று ராத்திரி.

முதலீட்டாளர்கள் எல்லோரும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் காய்ச்சல் வந்த குழந்தையைக் கைவிடுகிற வேலைக்கும், டோரியோ செய்த வேலைக்கும் ஒரே பெயரைச் சூட்டிக்கொண்டு மேடையேறுகிறார்களே, அதைத்தான் கேட்கிறேன்.

பொய் மூன்று: அவர்கள் ரிஸ்க் எடுப்பவர்கள், வாத்தியார்கள் ரிஸ்க் எடுக்காதவர்கள்.

இந்தப் பதிவே இதற்காகத்தான். இங்கே கொஞ்சம் கணக்கு போடுவோம்.

ஏ.ஆர்.டி. பல கம்பெனிகளில் பணம் போட்டது. உயர் மின்னழுத்த இயந்திரம் செய்த கம்பெனி, கடல்நீரை நன்னீராக்கும் கம்பெனி, கடலில் எண்ணெய்க் கிணறு தோண்டும் கம்பெனி என்று எத்தனையோ. சில நன்றாக வந்தன, சில சுமார், சில முழுகின. 25 வருஷக் கணக்கைக் கூட்டிப் பார்த்தவர்கள் சொல்வது: டிஜிட்டல் எக்விப்மெண்ட் என்ற அந்த ஒரு கம்பெனியை எடுத்துவிட்டால், ஏ.ஆர்.டி.யின் வருமான விகிதம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். இத்தனை பிள்ளைகளில் ஒரு பிள்ளை எல்லார் மதிப்பெண்ணையும் தூக்கி நிறுத்தியிருக்கிறது.

இந்தத் தொழிலின் அடிப்படையே இதுதான். பத்தில் போடு. ஏழு போனாலும் பரவாயில்லை. ஒன்று ஜெயித்தால் மொத்தமும் திரும்பி வரும். முதலீட்டாளருக்கு இது புத்திசாலித்தனம். தப்பே இல்லை.

ஆனால் அந்தப் பத்தில் ஒன்றாக இருக்கிற பையன் பக்கத்திலிருந்து பாருங்கள். அவனிடம் பத்து வாழ்க்கை இல்லை. அவனுக்கு ஒரே ஒரு இளமை. அவன் அம்மாவுக்கு ஒரே ஒரு பிள்ளை. அவன் போன ஏழில் ஒருவனானால், ஜெயித்த ஒருவனின் லாபத்தில் அவனுக்குச் சல்லிக்காசு வராது. முதலீட்டாளர் ரிஸ்க்கைப் பத்தாகப் பிரித்து வைக்கிறார். பையன் மொத்தத்தையும் ஒரே கூடையில் வைக்கிறான். இரண்டு பேரும் ‘ரிஸ்க்’ என்கிறார்கள். இரண்டும் ஒன்றா?

அந்த மேடையில் நின்று 400 பிள்ளைகளைப் பார்த்து, படிப்பு பெரிய விஷயமில்லை, துணிந்து இறங்கு என்று சொல்கிறாரே, அவர் யார் கணக்கைப் பேசுகிறார்? 400-ல் ஒன்று ஜெயித்தால் அதன் படத்தை அடுத்த மேடையில் காட்டலாம். மீதி 399 பேரை யார் வீட்டில் கொண்டுபோய் விடுவது?

நான் அப்படிப் பாடம் நடத்த முடியுமா? 40 பேர் வகுப்பில் ஒருத்தன் கலெக்டர் ஆனால் போதும், மீதிப் பேருக்கு எழுத்துக் கூட்டத் தெரியாவிட்டால் என்ன என்று இருந்திருந்தால், நீங்கள் என்னை டீச்சர் என்று கூப்பிடுவீர்களா? கடைசி பெஞ்சில் ‘ழ’ எழுத வராமல் அழுத பையனுக்காக எத்தனை சாயங்காலம் உட்கார்ந்திருக்கிறோம்! அதற்கு எந்தப் பங்குச் சந்தையிலும் விலை கிடையாது. எங்களால் நாற்பதில் ஒன்றைக்கூட நஷ்டக் கணக்கில் எழுத முடியாது. அதுவும் ஒரு ரிஸ்க்தான் ஐயா.

டோரியோவை நான் மதிப்பது இதனால்தான். பத்தில் ஒன்று போதும் என்கிற தொழிலில் உட்கார்ந்துகொண்டு, நாற்பதும் தேற வேண்டும் என்கிற வாத்தியார் புத்தியோடு வேலை செய்தார்.

சரி, அவர் மகானா? இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நானும் அந்தப் பேச்சாளர் மாதிரி ஆகிவிடுவேன்.

யோசனையும் உழைப்பும் இரண்டு இளைஞர்களுடையது, பங்கில் 70 சதவீதம் ஏ.ஆர்.டி.க்கு. இன்று யாராவது இப்படிக் கேட்டால் பகல் கொள்ளை என்போம். ஓல்சனுக்கும் ஆண்டர்சனுக்கும் பின்னால் பிணக்கு வந்தபோது அவர் ஓல்சன் பக்கம் நின்றார். ஆண்டர்சன் 1966-ல் வெளியேறினார். தன்னிடம் வேலை பார்த்தவர்களுக்கும் அவர் தாராளமாகச் செய்யவில்லை. ஒரு அதிகாரி தான் பாடுபட்டு வளர்த்த கம்பெனியின் தலைவர் ஒரே நாளில் ஒரு கோடி டாலருக்குச் சொந்தக்காரர் ஆனதைப் பார்த்தார். அவருக்குக் கிடைத்தது 2,000 டாலர் சம்பள உயர்வு. அவர் போகாமல் என்ன செய்வார்? பங்குச் சந்தையில் இருந்த கம்பெனி என்பதால் அரசுக் கண்காணிப்பு ஆணையத்தின் கட்டுப்பாடுகளும் ஏராளம். ஊழியர்களுக்குப் பங்கு கொடுப்பதே பெரிய வழக்காக இருந்தது. அவர் கூடவே இருந்த பில் எல்ஃபர்ஸ் 1965-ல் விலகி, ‘கிரேலாக்’ என்ற முதலீட்டு நிறுவனத்தைக் கூட்டாண்மை முறையில் தொடங்கினார். அந்த முறைதான் நின்றது. டோரியோவின் முறை அவரோடு முடிந்தது. தனக்குப் பின் ஒருவரை உட்கார வைக்கவும் அவரால் முடியவில்லை. ஆயிரக்கணக்கான மாணவர்களை உருவாக்கியவருக்கு நாற்காலியை விட மனசு வரவில்லை போலும். வாத்தியார்களுக்கே உள்ள வியாதி, எனக்கும் உண்டு.

“இன்றைய வேகத்துக்கு 15 வருஷம் எல்லாம் காத்திருக்க முடியுமா டீச்சர்?” என்று யாராவது கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இன்றைய முதலீட்டு நிதிகளுக்கு இத்தனை வருஷத்தில் பணத்தைத் திருப்ப வேண்டும் என்று கெடு இருக்கிறது. அவர்களுக்கும் மேலே கணக்குக் கேட்க ஆள் இருக்கிறது. சரி, அப்படியே இருக்கட்டும். ஆனால் அதை அப்படியே பிள்ளைகளிடம் சொல்லுங்கள். “நாங்கள் சில வருஷம்தான் கூட இருப்போம், பத்தில் ஏழு விழும் என்று தெரிந்தேதான் வருகிறோம்” என்று சொல்லுங்கள். அந்த உண்மையைச் சொல்லிவிட்டு, பிறகு துணிந்து இறங்கச் சொல்லுங்கள். நானே முதல் ஆளாகக் கைதட்டுகிறேன்.

தொழில் தொடங்க வேண்டாம் என்று நான் எந்தப் பிள்ளையிடமும் சொல்ல மாட்டேன். என்னிடம் படித்தவர்களில் லேத் பட்டறை வைத்தவன் இருக்கிறான், மசாலாப் பொடி அரைத்து மூன்று ஊருக்கு அனுப்பும் பெண் இருக்கிறாள். அவர்களைப் பார்த்தால் எனக்குப் பெருமை. அவர்கள் கணக்கு எழுதும் நோட்டில் நான் சொல்லிக்கொடுத்த வகுத்தல் இருக்கிறது.

டோரியோ 1987-ல் 87 வயதில் பாஸ்டனில் காலமானார். வகுப்பில் அவர் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு கருத்து இன்றும் அந்தத் தொழிலில் எல்லோர் வாயிலும் இருக்கிறது. இரண்டாந்தர ஆளிடம் இருக்கும் முதல்தர யோசனையைவிட, முதல்தர ஆளிடம் இருக்கும் இரண்டாந்தர யோசனை மேல் என்பது. யோசனைக்கு முன்னால் ஆளைப் பார் என்கிறார். அந்த முதல்தர ஆள் எங்கே தயாராகிறான்? பேச்சாளரே, நீங்கள் மைக் பிடித்து நின்ற அந்தக் கட்டடத்தில்தான்.

நாளைக்கு அந்தப் பெண்ணைப் பார்க்கப் போகிறேன். நான் சொல்லப் போவது இவ்வளவுதான். “வென்ச்சர் கேபிடலிஸ்ட்னா, ஒருத்தர் யோசனையை நம்பிப் பணம் போட்டு, கம்பெனியில பங்கு வாங்கிக்கிறவர். அதுல நல்லவங்களும் உண்டு, அவசரக்காரங்களும் உண்டு. அந்தத் தொழிலுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தவர் ஒரு வாத்தியார். உன்கிட்ட ஒருநாள் யாராவது பணத்தோட வந்தா, கஷ்டம் வந்தா கூட இருப்பீங்களான்னு முதல்ல கேளு. இப்போ போய்ப் படி.”

இதே கேள்வியை அந்தப் பேச்சாளரிடமும் யாராவது கேட்டுச் சொல்லுங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதலாம், மரியாதையாக. பிழை இருந்தால் திருத்துங்கள், திருத்திக்கொள்கிறேன். 34 வருஷம் சிவப்பு மை பிடித்த கை, தன் தாளில் சிவப்பு மையைப் பார்த்தால் கோபித்துக்கொள்ளாது.